தீபாவளித் தட்டு எந்தெந்த வீட்டுக்குப் போனது?

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும் எங்கள் வீட்டில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். எவர்சில்வர் தட்டில் அம்மா அடுக்கித் தரும் முறுக்கு, அதிரசம், மைசூர்பாகை ஒரு துணியால் மூடி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். போன தட்டு வெறுமையாகத் திரும்பாது என்பது உங்களுக்கும் தெரியும். குறைந்தது ஒரு பிடி சர்க்கரையாவது வரும். இந்தப் பழக்கம் எவ்வளவு பழசு என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

தட்டில் இருப்பவர்களில் மைசூர்பாகு ரொம்பச் சின்னப் பையன். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் (அவர் இறந்தது 1940ல்) மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்தது என்று சொல்வார்கள். அதிரசம்தான் பெரியவர். 15, 16ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளிலேயே அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி எல்லாம் வருகின்றன. ஒருவர் கொடுத்த நிலத்தையோ பணத்தையோ கொண்டு பெருமாளுக்குப் படைத்தால், பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு அவருக்கே திரும்பி வரும். 'விட்டவன் விழுக்காடு' என்று அதற்குப் பெயர். மீதி கோயில் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும். ஆக, பலகாரத்தைப் பங்கு போடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அது கல்லில் வெட்டிய கணக்கு. நம் தட்டுக்குக் கணக்கு கிடையாது (அந்த ஒரு பிடி சர்க்கரையை விட்டுவிட்டால்!).

கணக்கு கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேங்காய், வாழைப்பழம் என்றால் யார் கையிலிருந்தும் வாங்குபவர்கள், சமைத்த பண்டத்தை எல்லோரிடமும் வாங்கிவிட மாட்டார்கள். அதைச் சாதிதான் முடிவு செய்தது. வீட்டுத் தட்டின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பள்ளிப் பந்தியின் கதை மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அதற்குக் காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தி எதற்கு என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1924-25ல் கேட்டார்கள். காந்தி வரைக்கும் போயும் சண்டை தீரவில்லை. 1925 நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இந்தப் பந்தியும் அதில் ஒன்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் தெருவில் எப்படி என்று பாட்டியிடம் கேட்டேன். தெருக்கோடியில் துணி வெளுப்பவர் வீடு ஒன்று இருந்ததாம். அங்கே தட்டு போகாதாம். அவர்களே பாத்திரம் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவார்களாம். "அப்பல்லாம் அப்படித்தான்டா" என்றார் சாதாரணமாக. எனக்குத்தான் முறுக்கு இறங்கவில்லை.

எங்கள் தட்டு இப்போது போவது பதினொரு வீடுகளுக்கு. அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்க வீட்டை வித்துட்டுப் போய் இருபது வருஷமாச்சே" என்றார்.