வேலூர்க் கோட்டையும் மனச்சான்றின் உரிமையும்

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே கோட்டையை மீட்டது. சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர்.

கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் உடை விதிகள். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அதே வட்டாரத்தில் அன்று ஒரு துண்டுத் தோல் பெரும் அச்சத்தைக் கிளப்பியது. பசுத்தோலோ என்று இந்துக்களும் பன்றித்தோலோ என்று முஸ்லிம்களும் ஐயுற்றனர். தங்களைக் கிறிஸ்தவர்களாக்கும் சூழ்ச்சி இது என்றும் பேச்சு பரவியது.

ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மக்களின் சமயத்தில் தலையிட மாட்டோம் என்று சென்னை அரசு உறுதி கூறியது. இது சகிப்புத்தன்மைதான். ஆனால் பயத்தில் பிறந்த சகிப்புத்தன்மை.

லண்டனில் பழி மிஷனரிகள் மேல் விழுந்தது. அவர்களை இந்தியாவில் விடக்கூடாது என்று தாமஸ் ட்வைனிங் போன்றோர் எழுதினார்கள். செராம்பூரில் இருந்த வில்லியம் கேரியின் பாப்டிஸ்டு மிஷனுக்காக 1808இல் பதில் எழுதியவர் ஆண்ட்ரூ ஃபுல்லர். நாங்கள் கேட்பது வற்புறுத்தும் அதிகாரம் அல்ல, எடுத்துச் சொல்லும் உரிமை மட்டுமே என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் வேர் அரசியலில் இல்லை, இறையியலில் இருக்கிறது. அறிந்து நம்பியவருக்கே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. அப்படியானால் அரசாணையால் ஒருவரைக் கிறிஸ்தவராக்க முடியாது. கட்டாயத்தால் வரும் விசுவாசம் விசுவாசமே அல்ல. மனச்சான்றுக்குத் தீர்ப்பு சொல்பவர் கடவுள், மன்னர் அல்ல. தாமஸ் ஹெல்விஸ் 1612இலேயே இங்கிலாந்து மன்னருக்கு இதைச் சொன்னார். யூதருக்கும் முஸ்லிமுக்கும் இந்த உரிமை உண்டு என்றார். சிறையில் இறந்தார். 1689இல் வெளியான ஜான் லாக்கின் சகிப்புத்தன்மை குறித்த கடிதமும் நம்பிக்கை உள்ளத்தின் இசைவு என்பதிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் நாத்திகருக்கு லாக் கதவை மூடினார்.

1858 நவம்பர் 1 அன்று வெளியான விக்டோரியா அரசியின் பிரகடனத்தில் இரண்டு நீரோட்டங்களும் கலந்தன. கிறிஸ்தவத்தின் உண்மையில் தமக்குள்ள உறுதியைச் சொன்ன கையோடு, அதைக் குடிமக்கள் மேல் திணிக்கும் உரிமையும் விருப்பமும் தமக்கில்லை என்றார் அரசி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சி தந்த பயமும் அந்த வரிகளின் பின்னே இருந்தது.

இந்திய மதச்சார்பின்மைக்கு இந்த மண்ணிலேயே வேறு வேர்களும் உண்டு. ஆயினும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவைப் படித்தால் வேலூருக்குப் பின் எழுந்த விவாதம் நினைவுக்கு வரும். பொது ஒழுங்குக்கு உட்பட்டு மனச்சான்றுச் சுதந்திரம், சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை என்கிறது அது. பொது ஒழுங்கு என்பது கம்பெனியின் கவலை. மனச்சான்று என்பது ஹெல்விஸின் கவலை.

பயத்தால் வரும் சகிப்புத்தன்மை, எதிரில் இருப்பவர் பலவீனர் என்று தெரிந்ததும் போய்விடும். மற்றவரின் மனச்சான்றில் தலையிட எவருக்கும் உரிமையில்லை என்ற எண்ணத்தில் வந்தால்தான், எண்ணிக்கையில் சிறியவருக்கும் அது காவலாக நிற்கும்.