தொட்டியத்துச் சாலையில் நின்ற லாரி: ஒரு பம்பின் வரலாறு

காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் முசிறியைத் தாண்டினால் திருஈங்கோய்மலை. அதையும் கடந்தால் தொட்டியம். மதுரைக் காளியம்மன் கோயிலைக் கொண்டு இவ்வூரை அறிந்தவர்கள் உண்டு. வாழையைக் கொண்டு அறிந்தவர்கள் அதனினும் மிகுதி. ஆற்றுப் பாசனத்தில் பூவனும் நேந்திரனும் கற்பூரவல்லியும் விளைகிற மண் இது. வாழைத்தாரை நெல்லைப்போல் குதிரில் போட்டுக் காத்திருக்க முடியாது. வெட்டி ஏற்றிவிட்டால் அதன்பின் நாள் கணக்குத்தான். வழியில் ஒரு நாள் போனாலும் காய் பழுக்கத் தொடங்கும், விலை இறங்கும்.

ஆகவே, இச்சாலையோரத்தில் ஒரு பழைய லாரி முகப்பைத் திறந்துகொண்டு நிற்பதும், ஓட்டுநர் குனிந்து இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு கைப்பம்பை அழுத்தி அழுத்தி டீசலில் புகுந்த காற்றை வெளியேற்ற முயல்வதும் அவருடைய தொல்லை மட்டுமன்று. அந்தத் தாரை வளர்த்தவன், வெட்டியவன், வாங்கிய வணிகன் என அனைவருடைய வருமானமும் அந்தக் கைப்பம்புக்கடியில் சிக்கியிருக்கிறது. பழைய வண்டிக்கு நம்பத்தக்க மாற்றுப் பம்பு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி பட்டறைக் கேள்விபோல் தோன்றினாலும், அதற்குள் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு ஒளிந்திருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் முதலில் ஓடியவை பெட்ரோல் வண்டிகள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்திலேயே பேருந்துத் தொழிலில் இறங்கினார். கோவையில் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொடங்கினார். 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைக் கோக்கத் தொடங்க, ஃபோர்டும் பின்தொடர்ந்தது. அக்காலத்து செவ்ரோலே, ஃபோர்டு லாரிகளின் எரிபொருள் பம்பு எளிமையான கருவி. இயந்திரத்தின் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தட்டும். நெம்புகோல் ரப்பர் தோய்ந்த துணிச் சவ்வு ஒன்றை இழுக்கும். இரண்டு சிறு வால்வுகள் மாறிமாறித் திறந்து மூடும். அவ்வளவே. சவ்வு கிழிந்தால் புதுச்சவ்வு போடலாம். அதுவும் கிடைக்காத இடத்தில் உயரத்தில் ஒரு டின்னைக் கட்டி, குழாய்வழியே பெட்ரோலை இறக்கி ஊர்போய்ச் சேரலாம். பம்பின் வேலை பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஏற்றுவது மட்டும். மற்றதைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர் இந்த எளிமையையும் குலைத்தது. பெட்ரோல் பங்கீட்டுக்குள் போனது. பேருந்துகளின் பின்புறத்தில் அடுப்புக்கரி எரிக்கும் உருளைகளைப் பொருத்தி, அதில் பிறந்த வாயுவால் வண்டியை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய வாயுக் கலன்களைச் செய்து கொடுத்தது. கரிப் பேருந்துக்கு எரிபொருள் பம்பே தேவைப்படவில்லை என்பது இக்கதையில் வரும் வேடிக்கை. தேவைப்பட்டது கரி அள்ளிப் போடும் கைகளும் பொறுமையும்.

போருக்குப்பின் டீசல் வந்தது. அதனோடு பம்பு என்ற சொல்லின் பொருளும் மாறியது.

ருடால்ஃப் டீசல் தம் இயந்திரத்தை 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். அதில் எரிபொருளை அழுத்தப்பட்ட காற்றின் விசையால் உருளைக்குள் ஊதினார்கள். அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தக் கருவி வேண்டும். கப்பலிலும் ஆலையிலும் அதற்கு இடமிருந்தது, லாரியில் இல்லை. காற்றின் துணையின்றி எரிபொருளைத் தானே பெரும் அழுத்தத்தில் பீய்ச்சும் சிறிய பம்பு ஒன்று கிடைக்கும்வரை டீசல் சாலைக்கு வர முடியவில்லை. ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் போஷ் 1922இன் இறுதியில் அம்முயற்சியை மேற்கொண்டார். 1927இல் அவருடைய ஆலையிலிருந்து பம்புகள் வரிசை உற்பத்தியாக வெளிவந்தன.

அந்தப் பம்பு செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ஆறு உருளை இயந்திரம் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருளைக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை டீசல் செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் செல்வது ஏறத்தாழ ஒரு நீர்த்துளி அளவே. அந்தத் துளி ஆறு உருளைகளுக்கும் ஒரே அளவாகவும், குறித்த கணத்திலும் போய்ச் சேரவேண்டும். இதைச் செய்வது பட்டறை வழக்கில் 'எலிமென்ட்' எனப்படும் சோடி: ஒரு பிளஞ்சர், அது ஏறியிறங்கும் ஒரு பேரல். பிளஞ்சரின் உடலில் ஒரு சாய்வான வெட்டு உண்டு. பிளஞ்சர் எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஆனால் அதைச் சற்றுத் திருப்பினால், அந்தச் சாய்வு வெட்டு பேரலிலுள்ள துளையை முன்னரோ பின்னரோ திறந்துவிடும். துளை திறந்ததும் அழுத்தம் போய்விடும், பீய்ச்சல் நிற்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆறு பிளஞ்சர்களும் ஒருசேரத் திரும்புகின்றன.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறுகள்தாம். அங்கே ரப்பர் வளையமோ அடைப்போ கிடையாது. உலோகத்தின் நேர்த்தியே அடைப்பு. ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்டவை ஆதலால் ஒரு சோடியின் பிளஞ்சரை இன்னொரு சோடியின் பேரலில் இட முடியாது. கிழிந்த சவ்வைப் பட்டறையில் வெட்டிப் போட்டுக்கொண்ட தலைமுறை, சாலையோரத்தில் செய்யவே முடியாத ஓர் உறுப்பின் முன் முதன்முறையாகக் கைகட்டி நின்றது. மாற்றுப் பம்பு என்ற கவலை உண்மையில் பிறந்தது அப்போதுதான்.

விடுதலைக்குப்பின் இங்கே வந்த டீசல் லாரிகள் இரண்டு பெரும் மரபுகளைச் சேர்ந்தவை. ஒன்று ஜெர்மானிய மரபு. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர் பென்ஸுடன் பதினைந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்தது. மற்றொன்று ஆங்கிலேய மரபு. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் கைகோத்து எண்ணூரில் காமெட் லாரிகளை உருவாக்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இயந்திரங்களைச் செய்தது. ஜெர்மானிய வண்டிகளில் போஷ் பம்பு. ஆங்கிலேய இயந்திரங்களில் பெரும்பாலும் இலண்டன் ஆக்டனில் செய்யப்பட்ட சி.ஏ.வி. பம்பு. இவ்விரண்டும் முற்றிலும் அயலார் அல்லர். லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்த சி.ஏ.வி.யும் போஷும் 1931இல் இணைந்து கூட்டு நிறுவனம் நடத்தியவை.

வண்டியை இங்கே செய்துவிட்டுப் பம்பைக் கப்பலில் வரவழைத்தால் என்ன ஆகும் என்பதை 1957-58இன் அந்நியச் செலாவணி நெருக்கடி உணர்த்தியது. இறக்குமதி உரிமம் கிடைப்பது அரிதாயிற்று. உதிரிப் பாகத்துக்குக் காத்திருப்பது லாரித் தொழிலின் இயல்பாகவே ஆனது. அந்நிலையில் கைகொடுத்தது மைக்கோ என்று சுருக்கமாக வழங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. போஷின் ஒத்துழைப்புடன் 1951இல் நிறுவப்பட்டு, பெங்களூரின் ஆடுகோடியில் ஆலை அமைத்து, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்யத் தொடங்கியது. பின்னர் நாசிக்கிலும் ஜெய்ப்பூரிலும் விரிந்தது. ஆங்கிலேய மரபின் பக்கத்தில் 1961இல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தோன்றியது. ஆயிரத்திலொரு பங்கு மில்லிமீட்டரைக் கையாளும் தொழில் தென்னகத்துக்கு வந்த கதை இது. மைக்கோ 2008இல் போஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆயினும் பழைய பட்டறைக்காரர் வாயில் அது மைக்கோ பம்புதான்.

வண்டி வாங்கப் பணம் வேண்டுமல்லவா? 1954இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் தவணைமுறையில் லாரி வாங்கும் வழியைத் திறந்தன. ஒற்றை லாரியின் சொந்தக்காரர் என்ற புதுவகை மனிதர் உருவானார். தொட்டியத்துக்கு மேற்கே நாமக்கல் லாரிகளின் ஊராகவே மாறிற்று. வெறும் சட்டகமாக வரும் வண்டிக்கு மரத்தாலும் இரும்பாலும் உடல் கட்டும் பட்டறைகள் பெருகின. தவணை கட்டும் சொந்தக்காரருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கடன். ஆதலால் அவர் புதுப் பம்பின் விலையையும், பழுதுபார்த்த பம்பின் விலையையும், விலாசமில்லாத மலிவுச் சரக்கின் விலையையும் ஒப்பிட்டுத் தயங்குவதில் வியப்பில்லை. இதே பம்பின் சிறிய உறவினர் ஒன்று வாழைத் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தில் பூட்டப்பட்ட, தனக்கெனக் கேம் தண்டு இல்லாத பி.எஃப். வகைப் பம்பு அது. தோட்டத்தில் நீர் இறைத்ததும், விளைந்ததைச் சந்தைக்குச் சுமந்ததும் ஒரே குடும்பத்துப் பம்புகளே.

சரி, நம்பத்தக்க மாற்றுப் பம்பை எப்படி அறிவது? விடை பம்பின் மேனியிலேயே எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் அறையப்பட்ட சிறு தகட்டில் பி.ஈ.எஸ். 6 ஏ 95 என்பதுபோல் ஒரு வரிசை இருக்கும். பி.ஈ. என்றால் தனக்கெனக் கேம் தண்டு உடைய பம்பு, எஸ். என்றால் முன்முகத் தட்டால் பொருத்தப்படுவது. 6 என்பது உருளைகளின் எண்ணிக்கை. ஏ என்பது பம்பின் உடலளவு. 95 என்பது பிளஞ்சரின் விட்டம் 9.5 மில்லிமீட்டர். அதற்குப்பின் வருபவை சுழலும் திசையையும் பிற விவரங்களையும் கூறும். கவர்னருக்குத் தனித் தகடு உண்டு. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும் இரு பம்புகளில் ஒன்றின் பிளஞ்சர் அரை மில்லிமீட்டர் பருத்திருக்கலாம். ஒன்று வலமும் மற்றது இடமும் சுழலலாம். பூட்டினால் பொருந்தும், வண்டியும் ஓடும். ஆனால் கரும்புகை கக்கும், டீசலைக் குடிக்கும், நாளடைவில் பிஸ்டனைத் தின்னும். ஆகவே தகட்டைப் படிக்காமல் பம்பு வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு பெண் பார்க்கிறவர்.

தகடு பொருந்தினாலும் போதாது. தகட்டைப் போலியாக அடிப்பதும், தேய்ந்த எலிமென்டைத் துலக்கிப் புதிதென விற்பதும் உண்டு. அங்கேதான் காலிபரேஷன் பட்டறை வருகிறது. பம்பைக் கழற்றி மேடையில் பூட்டி, மின்மோட்டாரால் சுழற்றுவார்கள். ஆறு வழிகளில் பீய்ச்சும் எண்ணெய் ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும். குறித்த சுற்றுக்குக் குறித்த அளவு. ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஆறு உருளைப் பம்பில் அடுத்தடுத்த பீய்ச்சல்களுக்கிடையே அறுபது பாகை இருக்கவேண்டும். எல்லாம் சரியானபின் உச்ச அளவைத் தீர்மானிக்கும் திருகில் ஈயமுத்திரை வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டுமென்று அந்த முத்திரையை உடைத்துத் திருகைத் தளர்த்துவதே நல்ல பம்புக்கு நேரும் முதல் கேடு. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இரண்டாவது. பிளஞ்சருக்கு டீசலே மசகு, மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. தொட்டியின் அடியில் தேங்கும் நீர் மூன்றாவது. இம்மூன்றையும் தடுக்காமல் மாற்றுப் பம்பு போட்டால் மாற்றுப் பம்புக்கும் அதே கதிதான்.

எனவே நம்பிக்கை என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. தகட்டை நேர்மையாக அடித்த ஆலை, சோடியைப் பிரிக்காத விற்பனையாளர், கண்ணாடிக் குழாய்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும்வரை பம்பை மேடையிலிருந்து இறக்காத தொழிலாளி, முத்திரையை உடைக்காத ஓட்டுநர் என்ற தொடரில் அது இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் வண்டி சாலையோரத்தில் நிற்கும்.

அத்தொடர் இப்போது வேறு காரணத்தால் தளர்கிறது. 2010இல் பாரத் ஸ்டேஜ் மூன்று நாடெங்கும் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2017 ஏப்ரல் முதல் அவ்வகை வண்டிகளின் விற்பனையும் நின்றது. பலரும் காமன் ரெயில் முறைக்கு மாறியபோது, அசோக் லேலண்ட் பழைய வரிசைப் பம்பைக்கொண்டே நான்காம் நிலையையும் எட்டிக் காட்டியது. 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை வந்தது. இப்போது பீய்ச்சும் கணத்தையும் அளவையும் முடிவுசெய்வது கணிப்பொறி. இதனால் காற்று தூய்மை பெறுகிறது என்பதை மறுக்க முடியாது. அந்தக் கரும்புகையைச் சுவாசித்தவர்களில் சாலையோரத்து மக்களே முதல்வர்கள். ஆனால் புதிய முறையின் பழுதைக் கண்டறியக் கணிப்பொறிக் கருவியும் நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். கேட்டும் தொட்டும் முகர்ந்தும் குறையறிந்த பட்டறைக்காரரின் அறிவுக்கு அங்கே கதவு பாதியே திறந்திருக்கிறது.

பழைய லாரிகள் இன்னும் சில காலம் ஓடும். அவற்றின் பம்புகளைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அதுவரை இருக்கவேண்டும். தாங்கள் கற்றதை அவர்கள் எழுதி வைத்ததில்லை. எந்த லாரிக்கு எந்தத் தகட்டெண் பொருந்தும், எது தோற்றத்தால் ஏமாற்றும் என்பதெல்லாம் எண்ணெய்க்கறை படிந்த நோட்டுகளிலும் நினைவிலும் மட்டும் இருக்கின்றன. கல்வெட்டைப் படியெடுக்கும் நாம் அந்த நோட்டுகளையும் படியெடுத்தால் என்ன? காவிரிக்கரையின் வாழை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த வரலாற்றில், நாம் இன்னும் எழுதாத அதிகாரம் ஒன்று அவற்றில் இருக்கிறது.