ஷெல் ஷாக்கும் ரிவர்ஸின் பேச்சு வைத்தியமும்

முதல் உலகப் போரின் அகழிகளிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் பலரின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை; ஆனால் கை நடுங்கியது, பேச்சு நின்றது, தூக்கத்தில் அலறல் வந்தது. அப்படிப்பட்ட மூவரைப் பற்றி உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் எழுதியபோது 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ ஏட்டில் இடம்பிடித்தது. குண்டின் அதிர்வு நரம்பைக் குலைத்திருக்கும் என்று முதலில் நம்பினார்கள். குண்டு விழுந்த பக்கமே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம் கண்டதும் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. நடிக்கிறார்கள் என்ற சந்தேகமோ ராணுவத்தை விட்டு எளிதில் போகவில்லை.

லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மருத்துவர் லூயிஸ் யீலண்ட் மின்சாரத்தைக் கையில் எடுத்தார். பேச்சிழந்த 24 வயது வீரர் ஒருவரை இருட்டறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பேசினால்தான் வெளியே விடுவேன் என்று சொல்லி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். சுமார் நான்கு மணி நேரத்தில் பேச்சு வந்தது. 1918இல் யீலண்ட் இதை வெற்றியாகவே பதிவுசெய்தார். பேச்சை நிறுத்திய நினைவு என்ன ஆயிற்று என்பது அவருடைய கேள்வியாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். தமிழ் வாசகருக்கு அவர் அந்நியர் அல்லர். நீலகிரியில் தங்கித் தோடர்களின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதி, 1906இல் நூலாக வெளியிட்டவர். 1916 முதல் எடின்பரோ அருகே, நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்து ராணுவ அதிகாரிகளுக்கான மருத்துவமனையாக மாறிய கிரெய்க்லாக்கார்ட்டில் பணியாற்றினார். அதிகாரிக்குப் பேச்சு, சிப்பாய்க்கு மின்சாரம் என்று முழுதாகப் பிரித்துவிட முடியாது; லிவர்பூல் அருகே மாகல் மருத்துவமனையில் ரிவர்ஸ் சிப்பாய்களுக்கும் சிகிச்சை அளித்திருந்தார்.

'மறந்துவிடு' என்பதுதான் அன்று எல்லோரும் சொன்ன யோசனை. பகலில் வலிந்து அடக்கியதே இரவில் கனவாகத் திரும்புகிறது என்றார் ரிவர்ஸ். நண்பரைத் தேடிப்போன ஓர் அதிகாரி, தலையும் கைகால்களும் சிதறிய உடலைக் கண்டார். கனவிலும் அதே காட்சி. அப்படிச் சிதறியிருந்தால் நண்பர் நொடியில் இறந்திருப்பார், வேதனைப்பட்டிருக்க மாட்டார் என்று ரிவர்ஸ் எடுத்துச்சொன்னார். பிறகு வந்த கனவில் அதே உடல் கிடந்தது, பயம் இல்லை. அருகே மண்டியிட்டு, நண்பரின் குடும்பத்துக்காக அவருடைய பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார் அந்த அதிகாரி.

எல்லா நினைவும் இப்படி இறங்கி வரவில்லை. குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, இறந்த ஜெர்மானியரின் வீங்கிய வயிற்றில் முகம் பதிய விழுந்தவர் ஒருவர். அதில் ஆறுதலாகச் சொல்ல ரிவர்ஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் படையிலிருந்து விடுவிப்பதுதான் வழியாக இருந்தது. தோல்வியையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியதுதான் இந்த அனுபவங்களை விவரித்த அவருடைய கட்டுரைக்கு வலு.

குணமானவர்களை மறுபடி போர்முனைக்கு அனுப்புவதே மருத்துவமனையின் வேலை. 1917இல் ரிவர்ஸிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் திரும்பிப் போனார். அதே மருத்துவமனையில் மருத்துவர் ஆர்தர் பிராக்கிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்ஃபிரட் ஓவன், போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். ரிவர்ஸ் 1922இல் இறந்தார். வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் வீரர்களின் இந்த மனத்துன்பம் தனி நோயாக இடம்பெற்றது.