இரண்டு வண்ணத்துப்பூச்சிகள்

சில வருடங்களுக்கு முன் கடையில் பார்த்து ஆசைப்பட்டு மெல்லிய மடிக்கணனி ஒன்று வாங்கினேன். கம்பனியின் பெயர் வேண்டாம், கீழே வரும் இரண்டும் அல்ல. ஆறே மாதத்தில் அரைப்புள்ளி விசை இறுகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் பாமினியில் ரைப் பண்ணுகிறவனுக்கு மெய்யெழுத்தின் புள்ளியே அந்த விசையில்தான் இருக்கிறது. அம்மா என்று அடித்தால் 'அமமா' என்று வந்தது!

அந்தக் கோபத்தில்தான் விசைப்பலகைகளின் கதையைத் தேடி வாசித்தேன். வண்ணத்துப்பூச்சி என்ற பெயரில் இரண்டு விசைப்பலகைகள் வந்திருக்கின்றன.

முதலாவது 1995ல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பாட் 701. அப்போது திரைகள் சிறியவை, இதன் திரை 10.4 அங்குலம்தான். கணனியைத் திரை அளவுக்குச் சிறிதாக்கினால் விரல்களுக்கு இடம் போதாது. ஜோன் கரிடிஸ் என்ற பொறியியலாளர் விசைப்பலகையை இரண்டு துண்டாக்கினார். மூடியைத் திறந்தால் துண்டுகள் நகர்ந்து, கணனியின் ஓரங்களுக்கு வெளியே சிறகு போல விரிந்து முழு விசைப்பலகையாகும். பார்க்கவும் அழகு, அடிக்கவும் சுகம். பெரிய திரைகள் வந்ததும் அதன் தேவை போய்விட்டது. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது 2015ல் அப்பிளின் 12 அங்குல மக்புக்கில் வந்தது. கணனியின் தடிப்பு 13.1 மில்லிமீற்றர், நிறை ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த மெலிவுக்காக விசைகளின் அடியிலிருந்த பொறிமுறையை மாற்றினார்கள். விசை அமுங்கும் ஆழம் குறைந்தது. சிறு தூசி புகுந்தாலே எழுத்து விழாது, அல்லது இரண்டு தரம் விழும். 2018ல் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தார்கள். 2019ன் கடைசியில் வந்த 16 அங்குல மொடலில், சற்றுத் தடிப்பு கூடினாலும் பரவாயில்லை என்று, பழைய கத்தரிக்கோல் பொறிமுறைக்கே திரும்பினார்கள். 2022ல் அமெரிக்க வழக்கொன்றை முடிக்க 50 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கினார்கள்.

இரண்டுமே அழகானவைதான். ஆனால் முன்னையது விரலுக்காக உடம்பை மாற்றியது, பின்னையது உடம்புக்காக விரலை வருத்தியது.

அடுத்தமுறை கடைக்குப் போனால் தடிப்பை அளக்க முதல் ஒரு பந்தி அடித்துப் பாருங்கள். பாமினிக்காரர் மறக்காமல் அரைப்புள்ளியையும் ஒருக்கால் அமத்திப் பாருங்கோ.