துணியும் கயிறும் பசையும்

தலைப்பைப் பார்த்து ஏதோ தையல்கடை சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் மாதவிலக்கு நாட்களில் வைத்துக்கொள்ளும் துணியும் நாப்கினும் கடந்து வந்த கதை இது. எழுபதைத் தாண்டிய ஆணுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நம் தலைமுறை ஆண்கள் இதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்ததால் நம் வீட்டுப் பெண்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு' என்று சொல்வோம்; பொருளின் பெயரைச் சொல்ல மாட்டோம். பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து மடித்து, இடுப்பில் கட்டிய கயிற்றில் முன்னும் பின்னும் செருகிக்கொள்வார்கள். துவைத்து மறுபடி அதையே எடுத்துக்கொள்வார்கள். பருத்தித் துணியில் குற்றமில்லை, அது நல்ல வெயிலில் காய வேண்டும். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று கொட்டகை மூலையிலும் வேறு துணிக்கு அடியிலும் உலர்த்தினார்கள். கல்வராயன் மலையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியில் போட்ட துணியே காயாது. ஒளித்துப் போட்டது எப்படிக் காயும்? ஈரத்துணியால் வந்த அரிப்பையும் புண்ணையும் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார்கள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஒன்று வேடிக்கையாகப் படும். சாப்பிடும்போது வாய் துடைக்கும் துணிக்கும் 'செர்வியெத்' என்றே பெயர், இதற்கும் அதே பெயர். ஆங்கில 'நாப்கின்' கதையும் அதேதான். எந்த நாடானாலும் ஆரம்பம் வீட்டுத் துணிதான் போலும்.

அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1896இல் 'லிஸ்டர்ஸ் டவல்ஸ்' என்று ஒன்றை விற்றது. கடையில் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டதால் அது ஓடவில்லை. முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழில் செய்த ஒரு பஞ்சு வந்தது. ராணுவ நர்சுகள் அதைத் தங்கள் தேவைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்ததும் அதுவே 1920இல் 'கோடெக்ஸ்' ஆனது. வாய்விட்டுக் கேட்க வேண்டாம் என்று கடைகளில் ஓர் உண்டியல் வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆக, கூச்சம் நம் ஊர்ச் சொத்து மட்டுமல்ல.

பஞ்சு கிடைத்தாலும் அது நகராமல் நிற்க வேண்டுமே! அங்கும் நம் கயிறு போலத்தான், இடுப்பில் பெல்ட் கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள். மேரி கென்னர் என்ற கறுப்பினப் பெண் அந்த பெல்ட்டைத் திருத்தி அமைத்து 1956இல் காப்புரிமை பெற்றார். வாங்க முன்வந்த கம்பெனி, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது. 1970 வாக்கில் அடியில் பசை தடவிய நாப்கின் வந்ததும் பெல்ட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் பசை ஒட்டுவதற்கு உள்ளே ஜட்டி வேண்டும். நம் பக்கத்துப் பாட்டிமார்கள் பாவாடைதான் கட்டினார்கள், ஜட்டி அணிந்ததில்லை. நாப்கினை வாங்கிக் கொடுத்தாலும் எங்கே ஒட்டுவார்கள்? விலை ஒரு தடை என்றால் இது இன்னொரு தடை. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விலைத் தடையை உடைத்தவர் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். 1998இல் திருமணமான புதிதில், மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் முயற்சியில் இறங்கினார். வெறும் பஞ்சை வைத்துப் பார்த்துத் தோற்றார். உள்ளே இருப்பது மரக்கூழ் என்று கண்டுபிடிக்க அவருக்கு வருடங்கள் பிடித்தன. கோடிக்கணக்கில் விலை சொன்ன வெளிநாட்டு இயந்திரத்தின் வேலையை ஒரு லட்சத்துக்கும் குறைவான இயந்திரத்தில் செய்து காட்டினார். கூழை அரைத்து, அழுத்தி, உறையிட்டு, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கும் இயந்திரம் அது. சுய உதவிக் குழுப் பெண்களே அதை ஓட்டினார்கள். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

2012இல் தமிழக அரசு 'புது யுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள்; எதிர்ப்பு கிளம்பி 2018 ஜூலையில் அதை நீக்கினார்கள். வீட்டுக்கு விலக்கானவர்களுக்கு வரிவிலக்கு கிடைத்தது அப்போதுதான்!

இன்றும் மருந்துக் கடையில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுக்கிறார்கள். பேத்திக்கு வாங்கப் போகும் தாத்தாக்கள் 'சுற்ற வேண்டாம், அப்படியே கொடு' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் இன்னும் துணிதான் என்றால், கொடியில் நல்ல வெயில் படும் இடத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள். நம் வேட்டி நிழலில் காய்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.