லாவ் பா சாட்

சிங்கப்பூரின் நகர மையத்தில், ராஃபிள்ஸ் கீ, கிராஸ் ஸ்திரீட், ராபின்சன் சாலை, பூன் டாட் ஸ்திரீட் ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவே அமைந்துள்ள உணவங்காடி நிலையம். முன்னர் தெலுக் ஆயர் சந்தை எனப்பட்டது. எண்கோண வடிவமும் வார்ப்பிரும்புத் தூண்களும் இதன் அடையாளங்கள்.

வரலாறு

1820களில் தெலுக் ஆயர் கடற்கரையில் மீன் சந்தையாகத் தொடங்கியது. படகுகள் நேரே வந்து சரக்கை இறக்கின. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் வரைந்த எண்கோணக் கட்டடம் 1838இல் எழுந்தது. கடலைத் தூர்த்து நிலம் மீட்கும் பணிக்காக 1879இல் அது இடிக்கப்பட்டது. நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சி, பழைய வடிவத்தை விடாமல், மீட்ட நிலத்தில் இன்றைய கட்டடத்தை எழுப்பினார். இரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. 1894இல் சந்தை திறக்கப்பட்டது.

சுற்றுவட்டாரம் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த வணிக வட்டாரமாக மாறியதும் காய்கறி, மீன் வியாபாரம் இங்கே நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சமைத்த உணவு விற்கும் இடமாக இது மாற்றப்பட்டது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெருவிரைவு ரயில் சுரங்கப் பணிக்காக 1986இல் இரும்புச் சட்டகம் பாகம் பாகமாகக் கழற்றி வைக்கப்பட்டு, பின்னர் அதே இடத்தில் மீண்டும் பூட்டப்பட்டது. மக்கள் வழக்கில் இருந்த லாவ் பா சாட் என்ற ஹொக்கியன் பெயர் 1989இல் அதிகாரபூர்வமானது. அதன் பொருள் 'பழைய சந்தை'.

உணவும் பானமும்

மதிய வேளையில் அலுவலக ஊழியர்கள் மேசைமீது ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுத்தான் வரிசைக்குப் போவார்கள். இங்கே காப்பியில் கெட்டிப்பால் கலந்தது 'கோப்பி'. பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டது 'கோப்பி ஓ'. மாலையில் பூன் டாட் ஸ்திரீட்டில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி, தெருவிலேயே மேசைகள் போடப்படும். மசாலாவில் ஊறிய கோழி, ஆட்டிறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் வாட்டி, நிலக்கடலைக் குழம்பு, வெள்ளரி, வெங்காயத்துடன் சாத்தே பரிமாறுவார்கள். பலர் அதனுடன் பீர் அருந்துவது வழக்கம்.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் நாடு பெற்ற முதல் இடம் அதுவே.