ஒன்பதாயிரம் ரூபாய் உத்தரவு

1980-ஐ ஒட்டி இங்கே படித்தவர்களிடம் "ஒன்பதாயிரம்" என்று சொன்னால் போதும், மீதிக் கதையை அவங்களே சொல்லிடுவாங்க. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கிடையாது. கணக்குப் போட்டால் மாதம் 750 ரூபாய்! ஏழைக்குப் போகட்டும் என்பதுதான் நோக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சம்பளக்காரர் தன் வருமானத்தை எங்கே ஒளிக்க முடியும்? தோப்பும் வயலும் வைத்திருப்பவரின் வருமானத்தை யார் போய் எண்ணுவது? முதல் தலைமுறையாகப் படித்து, இப்போதுதான் குமாஸ்தா வேலையோ வாத்தியார் வேலையோ பார்க்க ஆரம்பித்த குடும்பங்கள்தாம் பயந்துபோயின.

யோசனை எம்.ஜி.ஆரின் சொந்தச் சரக்கும் அல்ல. 1969-இல் கலைஞர் அரசு அமைத்த சட்டநாதன் ஆணையமே, வசதி படைத்தவர்களை விலக்கலாம் என்று 1970-இல் பரிந்துரைத்திருந்தது. தி.மு.க. அரசு அந்தப் பக்கத்தை மட்டும் மெல்ல மூடி வைத்துவிட்டு, 1971-இல் ஒதுக்கீட்டை 25-லிருந்து 31 சதவீதமாக உயர்த்தியது. கெட்டிக்காரத்தனம்தான்!

பெரியார் பிறந்து நூறாண்டு நிறைகிற வருஷத்தில் இப்படி ஓர் ஆணை வந்தால் சும்மா இருப்பார்களா? தி.மு.க. எதிர்த்தது. திராவிடர் கழகம் ஆணையின் நகலைக் கொளுத்தியது. எம்.ஜி.ஆர். அசையவில்லை.

அசைத்தது 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல். 1977-இல் 130 சட்டமன்ற இடங்களைப் பிடித்த கட்சிக்கு, 39 தொகுதிகளில் கிடைத்தவை சிவகாசி, கோபிசெட்டிபாளையம் என்று இரண்டே இரண்டு. இந்த ஒரு ஆணையால்தான் தோற்றார் என்று சொல்ல நான் தயாரில்லை. அந்தப் பக்கம் இந்திரா காந்தியும் கலைஞரும் கைகோத்திருந்தார்கள்; வடக்கே ஜனதா ஆட்சி சிதறிய சலிப்பும் இருந்தது. ஆனால் எம்.ஜி.ஆர். காரணத்தை இந்த ஆணையில்தான் கண்டார். அதுதான் நமக்கு முக்கியம்.

வரம்பை ரத்து செய்தார். அதோடு நின்றாரா? பிப்ரவரி 1-ஆம் தேதி ஆணையில், 31 சதவீதத்தை ஒரே தாவலில் 50 ஆக்கினார்! எதிர்த்தவர்கள் கேட்டது பழைய நிலையைத்தான். இவர் கொடுத்தது அதைவிட அதிகம். வேறொரு முதல்வர் இப்படிச் செய்திருந்தால், பயந்துட்டாருப்பா என்று டீக்கடையில் கேலி பேசியிருப்பார்கள். இவர் விஷயத்தில் கேட்டதும் கொடுத்த வள்ளலாகிவிட்டார்.

பிப்ரவரி 17-இல் மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. தான் என்ன தப்பு செய்தேன் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். மே மாதத் தேர்தலில் 129 இடங்கள். நாலு மாதத்துக்கு முன் மண்ணைக் கவ்விய அதே கட்சி! அனுதாபம் பாதி என்றால், அந்த 50 சதவீதம் இன்னொரு பாதி என்பது என் கணிப்பு.

அதன் பிறகு எந்தக் கட்சியும் இங்கே வருமான வரம்பு என்ற பேச்சை எடுக்கவில்லை. 1989-இல் கலைஞர் அந்த ஐம்பதுக்குள்ளேயே 20-ஐ மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் பிரித்துக் கொடுத்தார். பழங்குடியினருக்குத் தனியே 1 சதவீதம் சேர்ந்து 69 ஆனது. அதை 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிக் காத்தது ஜெயலலிதா அரசு. 1992 மண்டல் தீர்ப்பு சொன்ன வசதி படைத்தோர் விலக்கைத் தமிழ்நாடு தன் ஒதுக்கீட்டில் சேர்க்கவே இல்லை. 2019-இல் வந்த பொருளாதார அடிப்படையிலான 10 சதவீதத்தையும் ஏற்கவில்லை.

இன்றைக்குப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் வருமானச் சான்றிதழ் வாங்கித் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார் என்றால், அது உதவித்தொகைக்காகத்தான்; ஒதுக்கீட்டு சீட்டுக்கு அல்ல.